நிறம் காணாத தகடும் நிறவடியும்: யாழ்ப்பாணத்துப் புகைப்படச் சான்றுகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்றுகளை வகுத்துரைப்போர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அரச ஆவணம் என்பனவற்றை நிரல்படக் கூறி, இறுதியிற் புகைப்படத்தையும் சேர்த்துக்கொள்வது வழக்கு. ஏனைய சான்றுகளை ஐயுற்றுச் சோதித்த பின்னரே ஏற்கும் ஆய்வாளர்கள், புகைப்படத்தை மாத்திரம் பெரும்பாலும் சோதனையின்றியே ஏற்றுவிடுகின்றனர். கல்வெட்டு அரசனைப் புகழ்வதற்காக வெட்டப்பட்டது. ஏடு பிரதி செய்தோனின் பிழையையும் உடன்கொண்டு வருவது. ஆனால் கமரா உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும்.

இவ்வெண்ணம் முழுமையான உண்மையன்று. புகைப்படம் பொருளைப் பதிவதில்லை. பொருளிலிருந்து வந்த ஒளியில், தகடு ஏற்றுக்கொண்ட பகுதியை மாத்திரமே பதிகிறது. எந்த ஒளியைத் தகடு ஏற்கும், எதனை ஏற்காது என்பது இரசாயனத்தால் முடிவாவது. எந்த ஒளியை வில்லையினூடே உள்ளே விடுவது, எதனைத் தடுப்பது என்பது வில்லையின் முன் வைக்கப்படும் நிறக்கண்ணாடியால், அதாவது 'பில்ற்றர்' என வழங்கும் நிறவடியால், முடிவாவது. ஆகவே, தகடும் வடியும் வளர்ந்த வரலாற்றை அறியாது பழைய புகைப்படத்தைச் சான்றாகக் கொள்வது, எழுத்தின் வரிவடிவ வளர்ச்சியை அறியாது கல்வெட்டைப் படிப்பதை ஒக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வுண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அது யாதென்பதை நிரலே நோக்கலாம்.

1. கிரகணமும் சாட்சியும்

வானத்து ஒளியை ஆராயும் மரபு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. வாக்கிய முறைப்படி பஞ்சாங்கம் கணித்துக் கிரகண காலம் கூறும் வழக்கம் இங்கு நெடுங்காலம் நிலவியது. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் இத்துறையிற் புகழ்பெற்றவர். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே ஐரோப்பிய வானியல் கற்பிக்கப்படலாயிற்று. 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றிச் சாஸ்திரியாரின் கணிப்புக்கும், செமினரித் தலைவர் டானியல் பூரின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டது. இரு தரப்பினரும் வானத்தையே நடுவராகக் கொண்டனர். முடிவு செமினரியின் கணிப்புக்கே சார்பாக அமைந்தது என்பர். அச்செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்ரன் இந்துக்களின் வானியல் முறையை விரிவாக விளக்கும் நூலொன்றை 1848 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்திலே பதிப்பித்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. வழக்கில் வென்றோரும் தோற்ற மரபைக் கற்கவேண்டிய தேவையை உணர்ந்திருந்தனர்.

1829 இல் இறுதிச் சாட்சியாக நின்றது மனிதனின் கண். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், அதே குடாநாட்டின் வானத்திலே, வேறொரு சாட்சி வந்து சேர்ந்தது.

1871 டிசம்பர் 12 ஆம் திகதி காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழற்பாதை தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்து, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் மேலாகச் சென்று, பின்னர் யாவாவையும் அவுஸ்திரேலியாவையும் அடைந்தது. இக்கிரகணத்தை நோக்குவதற்காக இங்கிலாந்திலிருந்து நோர்மன் லொக்கியர் தலைமையில் ஒரு குழு கப்பலேறி வந்தது. லொக்கியர் மலையாளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையிலே தங்கினார். பிரான்சிய அறிஞர் ஜான்சென் நீலகிரியிலே நின்றார். கேணல் தெனன்ற் தொட்டபெட்டா மலையுச்சியைத் தெரிந்தெடுத்தார். யாழ்ப்பாணத்தில், அந்நாளைய இலங்கை நில அளவையாளர் நாயகமான ஃபயேர்ஸ் உள்ளிட்ட ஒரு குழுவினர் கருவிகளை நிறுத்தினர். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் முழுமறைவின்போது எடுக்கப்பட்ட நெகற்றிவ்கள், சூரியனைச் சூழ்ந்து தோன்றும் ஒளிவளையம் சந்திரனுக்கோ பூமியின் வளிமண்டலத்துக்கோ உரியதன்று, சூரியனுக்கே உரியது என்னும் கருத்துக்கு வலுவூட்டின. கண்ணால் கண்டு கையால் வரைந்தோரின் சித்திரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நின்ற நிலையில், தகடுகளின் ஒருமைப்பாடு அறிஞரைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

எனினும், அந்தச் சாட்சியும் ஒரு கண் பழுதான சாட்சியே என்பதனை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். முழுமறைவின்போது நிறமாலை காட்டியினூடு நோக்கியோரின் கண்ணுக்கு, ஒளிவளையத்துக்கே சிறப்பாக உரிய ஒரு பச்சைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்திலே முதன்முதல் காணப்பட்ட கோடு அது. பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பு அணுவிலிருந்து அது தோன்றுகிறது என்பது 1940களின் தொடக்கத்திலேதான் எட்லேன் என்னும் சுவீடிய அறிஞரால் விளக்கப்பட்டது. கண் கண்ட அந்தப் பச்சையைப் பதியும் ஆற்றல் 1871 ஆம் ஆண்டுத் தகட்டுக்கு இருக்கவில்லை. ஒரே நிகழ்ச்சியைக் கண் ஒருவிதமாகவும் தகடு இன்னொரு விதமாகவும் கண்டன.

2. நீலத்தை மட்டும் கண்ட தகடு

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, அக்காலத்துத் தகட்டின் இயல்பை அறிதல் வேண்டும். 1851 இல் பிரடெரிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அப்போது எங்கும் வழக்கிலிருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியனைப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே கழுவி முடித்தல் வேண்டும். வெப்பம் மிகுந்த நாட்டில் ஈரம் விரைவில் உலரும். ஆதலின் இருட்டறையைக் கூடாரமாக உடன் கொண்டு செல்லாது எவரும் வெளியிற் படமெடுக்க இயலாதிருந்தது. உலர்ந்த ஜெலற்றின் தகடு பற்றி மாடொக்ஸ் எழுதிய கட்டுரை, கிரகணம் நிகழ்ந்த அதே 1871 ஆம் ஆண்டின் செப்ரெம்பரிலேதான் வெளிவந்தது.

இத்தகடுகளில் ஒளியை ஏற்பவை வெள்ளி அயடைட்டும் வெள்ளி புரோமைட்டுமாகும். இவை இயல்பாகவே நீலத்தையும் ஊதாவையும், கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர்களையும் மாத்திரமே ஏற்பவை. பச்சை அவற்றைச் சிறிதே தாக்கும். மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் தாக்குவதில்லை எனலாம். இருட்டறையிலே சிவப்பு விளக்கைத் துணிந்து ஏற்ற முடிந்ததும் இதனாலேயே. மனிதக் கண்ணோ மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களையே மிக ஒளிவாய்ந்தனவாக உணர்வது. எனவே கண்ணுக்கு ஒளிமிக்கது தகட்டுக்கு இருளாகவும், கண்ணுக்கு ஆழ்ந்த நிறமாகத் தோன்றும் நீலம் தகட்டுக்கு வெண்மையாகவும் அமைந்தன.

இதன் விளைவுகளை உலகின் எப்பகுதியிலும் காணலாம். கடலுக்குச் சரியாக ஒளிபடும் நேரம் கொடுத்தால் வானம் முழுவதும் வெளிறி, முகில்கள் மறைந்துவிடும். பிரான்சிலே குஸ்தாவ் லு கிறே 1850களில் கடலுக்கு ஒரு நெகற்றிவும் வானத்துக்கு வேறொரு நெகற்றிவுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளிற் பதித்து இக்குறையை மறைத்தார். காண்போர் இயற்கையெனப் போற்றிய அக்காட்சிகளுட் சில, வெவ்வேறு வேளைகளில் எடுக்கப்பட்ட இரு படங்களின் சேர்க்கையாகும்.

3. யாழ்ப்பாணத்து நிறங்களும் தகட்டின் குருடும்

ஐரோப்பாவின் மங்கிய ஒளியிலும் சாம்பல் நிறக் கட்டடங்களிலும் இக்குறை ஓரளவுக்கு மறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தின் நிறங்களோ, தகடு எவற்றைக் காணாதோ அவற்றையே பெரிதும் சார்ந்தவை. இதனை நான்கு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, மண். வலிகாமத்தின் பெரும்பகுதி செம்மண் நிலம். நீலத்தை மாத்திரம் ஏற்கும் தகட்டில் அச்செம்மண் கரியதாகவே விழும். ஆகையால் பழைய வயல், தோட்டப் படங்களை வைத்துக்கொண்டு இது செம்மண், இது கரிசல் என வகுப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

இரண்டாவது, கோயில் மதில். குடாநாட்டுக் கோயில்களின் மதில்களிலே வெள்ளையும் காவியுமாகப் பட்டைகள் தீட்டுதல் மரபு. கண்ணுக்கு மங்கலமாகத் தோன்றும் அப்பட்டைகள் பழைய தகட்டிலே வெள்ளையும் கறுப்புமாக மாறி, முரட்டுத் தோற்றம் கொள்ளும். அதே மதிலை இக்காலத்துப் பிலிமில் சிவப்பு வடியினூடே எடுத்தால், காவி வெளிறி வெள்ளையோடு ஒன்றித்து, பட்டைகள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஒரே மதில்; ஒரே வெயில்; ஆயினும் ஒரு படத்தில் மிகைப்பட்ட பட்டை, மற்றொன்றில் வெறுஞ்சுவர். இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும் ஆய்வாளர் ஒருவர், இடைக்காலத்தில் மதில் வெள்ளையடிக்கப்பட்டது என எழுதிவிடவும் கூடும்.

மூன்றாவது, அணியும் ஆடையும். குங்குமப் பொட்டும் வெற்றிலையாற் சிவந்த இதழும் கருமையாகப் பதியும். மஞ்சள் நிறச் சேலையும் அரக்குச் சேலையும் வேறுபாடின்றிக் கருஞ்சேலைகளாகும். நீலச் சேலையோ வெண்சேலையெனத் தோன்றும். பொன்னணிகள் தம் மஞ்சளொளியை இழந்து மங்கி, வெயில் பட்டு மினுங்கும் இடங்களில் மாத்திரம் வெண்புள்ளிகளாக நிற்கும். பழைய குடும்பப் படமொன்றில் வெண்சேலையோடு காணப்படும் பெண்ணைக் கைம்பெண் என்று கொள்வது எத்துணை இடருடையது என்பதை இதனால் உணரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஸ். கே. லோட்டன் அன் கோ என்னும் பெயர் பொறித்து யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த உருவப்படங்களைப் பார்ப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலநறுவை ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்த ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் வேறு, இவர் வேறு என்பதும் குறிக்கத்தக்கது.

நான்காவதும் தலையாயதுமானது, மனிதரின் நிறம். மாநிறத் தோல் நீல ஒளியைப் பெரிதும் உட்கொண்டு, செம்மையையும் மஞ்சளையும் மிகுதியாகத் திருப்பி அனுப்புவது. அத்தோலின் செம்மையையும் மஞ்சளையும் காணாது, நீலத்தின் குறைவை மாத்திரமே கண்ட தகடு, மாநிறத்தாரை உண்மையிலும் மிகக் கரியராகப் பதிவு செய்தது. அருகில் நிற்கும் ஐரோப்பியருக்கும் அவருக்கும் உள்ள நிறவேறுபாட்டைப் பன்மடங்காக்கிற்று. இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் இனவகைகள் பற்றிய புகைப்பட நூல் பிரித்தானிய ஆட்சியாளரால் வெளியிடப்பட்டது. 1869 இல் தோமஸ் ஹக்ஸ்லி பேரரசின் பல்வேறு இனத்தவரையும் ஒரே முறைப்படி படமெடுக்குமாறு குடியேற்றநாட்டு அலுவலகத்தின் மூலம் கோரினார். மனிதரை நிறத்தாலும் உறுப்பாலும் வகைப்படுத்திய அந்த நூற்றாண்டில், நிறம் காணாத தகடே நிறத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது. தகட்டுக்கு வஞ்சனை எதுவும் இல்லை. அதன் குருட்டை அறிந்தும் அதன் சொல்லை ஏற்றோரிடமே குற்றம் உளது.

உள்ளூர்ப் புகைப்படக்காரரோ இக்குறையைத் தம் தொழிலால் ஈடுசெய்ய முயன்றனர். நெகற்றிவின்மேல் கூரிய பென்சிலால் முகத்தைத் திருத்தி வெளிச்சமூட்டுவதும், அச்சிட்ட படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவதும் ஸ்ரூடியோக்களின் வழக்கமான வேலைகளாயின. இத்திருத்தங்களைப் பொய் என ஒதுக்குவோர், திருத்தப்படாத படமும் உண்மையன்று என்பதனை மறந்துவிடுகின்றனர்.

4. சாயமும் வடியும்

தகட்டின் குருடு நீங்கிய வரலாறும் கிரகணத்தோடு ஒருவாறு தொடர்புடையதே. 1868 ஆம் ஆண்டுக் கிரகணத்தை ஏடன் துறைமுகத்திலே படமெடுத்த ஜெர்மானியக் குழுவில் ஹேர்மன் பொகல் என்பவர் இருந்தார். அவர் 1873 இல் சில தகடுகளைச் சோதித்தபோது, ஒருவகைத் தகடு எதிர்பாராத விதமாகப் பச்சையையும் ஏற்பதைக் கண்டார். தகட்டினுள் ஒளி சிதறுவதைத் தடுக்கச் சேர்க்கப்பட்டிருந்த மஞ்சட் சாயமே அதற்குக் காரணமெனத் தெளிந்தார். சாயம் உட்கொள்ளும் நிறத்தின் ஒளியை வெள்ளி உப்புக்கு உணர்த்தும் என்பது அவர் கண்ட உண்மை. இதன்வழி 1880களில் பச்சையையும் மஞ்சளையும் ஏற்கும் 'ஓர்தோகுரோமற்றிக்' தகடுகள் விற்பனைக்கு வந்தன.

ஆயினும் குறை முற்றும் நீங்கவில்லை. புதிய தகடு மஞ்சளைக் கண்டதெனினும் நீலத்தை இன்னும் மிகையாகவே கண்டது. நீலத்தின் பங்கைக் குறைத்தாலன்றிக் கண்ணின் அளவோடு தகட்டின் அளவு பொருந்தாது. இத்தேவையினின்றே மஞ்சள் வடி பிறந்தது. மஞ்சட் கண்ணாடி நீலத்தைத் தடுத்து, மஞ்சளையும் பச்சையையும் சிவப்பையும் உள்ளே விடுவது. தொடக்கத்தில் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலை நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தையும் சிலர் வடியாகப் பயன்படுத்தினர். வடி ஒளியைச் சேர்ப்பதன்று, கழிப்பது. கழிப்பதனாலேயே வேண்டியதை வெளிப்படுத்துவது என்னும் அடிப்படை விதியை இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். கழிந்த ஒளிக்கு ஈடாகப் படமெடுக்கும் நேரத்தைக் கூட்டுதலும் இன்றியமையாதது.

1906 இல் இங்கிலாந்தின் குறொய்டன் நகரிலிருந்த ரற்றன் அன் வெயின்றைற் நிறுவனத்தில் கென்னத் மீஸ் சேர்ந்த பின்னர், எல்லா நிறங்களையும் ஏற்கும் 'பான்குரோமற்றிக்' தகடும், சாயமூட்டிய ஜெலற்றினாலாகிய வடிகளின் வரிசையும் அங்கு உருவாயின. 1912 இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கி, மீசைத் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக்கிற்று. இன்றும் வடிகள் ரற்றன் இலக்கங்களாலேயே குறிக்கப்படுகின்றன. 8 ஆம் இலக்க மஞ்சள் வடிக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரமும், 25 ஆம் இலக்கச் சிவப்பு வடிக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு நேரமும் வேண்டும். 11 ஆம் இலக்க மஞ்சட்பச்சை வடி, மின்விளக்கொளியில் உருவப்படம் எடுப்போருக்கு உகந்தது. அவ்விளக்கின் மிகைச் செம்மையை அது குறைக்கும்.

குடாநாட்டின் நிலக்காட்சிக்கு இவற்றின் பயன் வெளிப்படை. மஞ்சள் வடியினால் நீல வானம் சற்றே கறுக்க, கடனீரேரியின்மேல் மிதக்கும் வெண்முகில் உருப்பெறும். சிவப்பு வடியினால் வானம் மேலும் இருண்டு, வெண்மணல் ஒளிர, பனை நிரை கருங்கோடுகளாகும். பச்சை வடியினால் புகையிலைத் தோட்டம் வெளிச்சமுற்று, காவிப் பட்டை மீண்டும் தெளியும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. வடி கண்ணின் உண்மையை மீட்பதற்குப் பிறந்தது. ஆனால் மீட்பதோடு அது நின்றுவிட்டதா? 1927 ஏப்ரல் 10 ஆம் திகதி அமெரிக்காவின் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே அன்சல் அடம்ஸ் ஒரு பாறை முகத்தை முதலில் மஞ்சள் வடியால் எடுத்தார். அது தாம் உணர்ந்ததைக் காட்டாதெனக் கருதி, எஞ்சியிருந்த தகட்டிலே அடர்சிவப்பு வடியால் மீண்டும் எடுத்தார். வானம் ஏறக்குறைய கறுப்பாக விழுந்த அவ்விரண்டாவது படமே புகழ்பெற்றது. நண்பகலில் வானம் கறுப்பாக இருந்ததில்லை. கண் கண்டதைப் பதிவதற்கு வந்த கருவி, மனம் கண்டதைப் பதியும் கருவியாயிற்று. கலைக்கு இது ஆக்கம். சான்றுக்கோ இது எச்சரிக்கை.

5. மூன்று வடிகளும் ஒரு தவறும்

நிறப்படமும் வடியினின்றே தோன்றியது. 1861 மே 17 ஆம் திகதி இலண்டனிலே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், வண்ண நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறக் கரைசல்களினூடே தனித்தனியாக எடுப்பித்த மூன்று படங்களை, அவ்வந்நிற ஒளியாலேயே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுத்திக் காட்டினார். இன்றைய நிறப்படங்கள் அனைத்துக்கும் அதுவே அடிப்படை. ஆயின் அன்றைய தகடு சிவப்பை ஏற்காதது. அவ்வாறிருக்கச் சிவப்புப் படம் எவ்வாறு விழுந்தது? நூறாண்டு கழித்து, 1961 இல், கொடாக் ஆராய்ச்சியாளர் ரல்ப் எவன்ஸ் இதற்கு விடை கண்டார். சிவப்புக் கரைசல் ஊதாக்கடந்த கதிரையும் உள்ளே விட்டது. நாடாவின் சிவப்புச் சாயமும் அக்கதிரைத் திருப்பியது. தகடு பதிந்தது அதனையே. முடிவு சரியாக அமைந்தது. காரணம் வேறாக இருந்தது. சரியாகத் தோன்றும் படமும் தவறான சாட்சியாக இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

வடியின் துணையின்றி யாழ்ப்பாணத்தவர் எவரும் வானத்தை நோக்கவியலாத நாள்கள் அண்மையிலும் இரு முறை வந்தன. 2010 ஜனவரி 15 ஆம் திகதியும், 2019 டிசம்பர் 26 ஆம் திகதியும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை குடாநாட்டின் மேலாகச் சென்றது. முழுமறைவு போலன்றி, கங்கண கிரகணத்தில் எக்கணத்திலும் வெறுங்கண்ணால் நோக்குதல் ஆகாது. சூரிய ஒளியில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும் வடியினூடுதான் நோக்குதல் வேண்டும். 1871 இல் ஒரு சில வெள்ளை அதிகாரிகளின் கருவிகளோடு நின்ற வடி, 2019 இல் மாணவரின் கைகளுக்கு எட்டியிருந்தது.

6. எஞ்சிய படங்களும் இன்றைய கடமையும்

இத்துணையும் கூறியது இறந்தகாலச் செய்திகளைத் தொகுப்பதற்காக மாத்திரமன்று. யாழ்ப்பாணத்தின் சான்றுகள் இழப்பின் விளிம்பில் நிற்பவை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன எனக் கணிக்கப்படுகிறது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக வீடு வாசல் விட்டு வெளியேறினர். கையில் எடுத்த சிறு பொதியிலே குடும்பப் படம் இடம்பெற்ற வீடுகளும் உள. இடம்பெறாத வீடுகளும் உள. ஏடும் நூலும் அழிந்த இடத்தில், சுவரிலே தொங்கிய ஒரு படமே ஒரு குடும்பத்துக்கோ ஒரு கோயிலுக்கோ ஒரு தெருவுக்கோ எஞ்சிய ஒரே சான்றாக அமைதல் கூடும். சான்றுகள் பலவாயின் ஒன்றன் பிழையை மற்றொன்று திருத்தும். ஒன்றே எஞ்சுமாயின், அதன் பிழையே வரலாறாகிவிடும்.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் முதலான முயற்சிகளால் ஈழத்து ஆவணங்கள் எண்ணிமப்படுத்தப்பட்டு வருகின்றன. இப்பணியில் வடியின் தத்துவம் மீண்டும் கைகொடுக்கக் கூடியது. உடுப்பியில் இருந்த மத்துவாசாரியரின் சர்வமூல கிரந்த ஓலைச்சுவடிகளை, அமெரிக்காவின் றொசெஸ்ரர் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள் செந்நிறக் கீழ்க்கதிரின் துணையோடு படமெடுத்தனர். காலத்தால் கருகிய ஓலை அக்கதிரில் வெளிறித் தோன்ற, எழுத்தின் மை கரியதாகவே நின்று படிக்க இயன்றது. ஒரு காலத்தில் உண்மையை மறைத்த அதே விதி, அறிந்து கையாளும்போது மறைந்ததை வெளிப்படுத்தும் என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான போக்கும் இன்று காணப்படுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினி தானாகவே நிறமூட்டும் முறைகள் பரவியுள்ளன. தகடு பதியாத நிறத்தைக் கணினி அறிதல் இயலாது. வேறு இலட்சக்கணக்கான படங்களிற் கண்டதைக்கொண்டு ஊகித்தே அது தீட்டுகிறது. நீலத்தை மாத்திரம் கண்ட தகட்டில் கரியதாக விழுந்த மாநிற முகம், அக்கருமையையே அடிப்படையாகக் கொண்டு நிறமூட்டப்படும்போது, பழைய பிழைக்குப் புதிய மெய்ம்மைத் தோற்றம் வந்துவிடுகிறது. வெண்மையாக விழுந்த நீலச் சேலை வெண்சேலையாகவே நிலைத்துவிடுகிறது. வீட்டில் மாட்டி மகிழ்வதற்கு இவை ஏற்றனவாகலாம். ஆவணக் காப்பகத்திலே மூலத்தின் இடத்தில் இவற்றை வைத்தல் ஆகாது.

எனவே, பழைய படமொன்றை ஆவணப்படுத்துவோர் படத்திலுள்ளோரின் பெயரையும் ஊரையும் குறிப்பதோடு அமையாது, அது ஈரக் கொலோடியனா, உலர்தகடா, பிலிமா, எந்நிறங்களை ஏற்கும் வகையினது, வடி பயன்பட்ட அடையாளம் உண்டா, கையால் திருத்தப்பட்டதா என்பனவற்றையும் இயன்றவரை குறித்தல் வேண்டும். அப்படத்திலுள்ளோரை அறிந்த முதியோர் இன்னும் வாழும்போதே, அந்தச் சேலை என்ன நிறம், அந்த மதிலில் என்ன பட்டை எனக் கேட்டு எழுதிவைத்தல் அதனினும் இன்றியமையாதது. தகடு காணாததைக் கண்ட கண்கள் அவர்களுடையவை. 1829 இல் அராலியும் வட்டுக்கோட்டையும் தம் வழக்கைத் தீர்க்க வானத்தை நோக்கிக் காத்திருந்தன. மறுநாளும் அதே வானம் இருந்தது. மங்கிவரும் படத்துக்கும் முதுமையுற்ற நினைவுக்கும் அத்தகைய மறுநாள் இல்லை என்பதை உணர்ந்து இப்பணியை மேற்கொள்வது, யாழ்ப்பாணத்து வரலாற்று மாணவருக்கு இன்று உரிய கடமையாகும்.